கண்ணுக்குத் துணை: மூக்குக் கண்ணாடியும் தொடுவில்லையும்

அன்புக்குரிய ஒருவரை அழைக்க நேரும்போது 'கண்ணே' என்று அழைப்பது தமிழ் மக்களின் வழக்கம். குழந்தையைத் தாலாட்டும் தாயும், பேரனைக் கொஞ்சும் பாட்டியும் வேறு சொல்லைத் தேடிச் செல்வதில்லை. சொல்லளவில் இத்துணைப் பெருமை கொடுத்துப் போற்றும் அக்கண்ணைச் செயலளவிலும் அவ்வாறே பேணுகின்றோமா என்று எண்ணிப் பார்த்தால், நம்மில் பலர் தலை குனிய வேண்டியவர்களாகவே இருக்கின்றோம்.

கழக்கூட்டத்திலும், அதனை அடுத்த காரியவட்டம், ஸ்ரீகாரியம், ஆக்குளம் முதலிய இடங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவும் பிழைப்பின் பொருட்டு இங்கே வந்தவை. 1990-இல் டெக்னோபார்க் தோன்றிய பின்னர், நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து படித்த இளைஞரும் பெண்களும் வந்து குடியேறினர். நாள் முழுதும் கம்ப்யூட்டர் திரையை நோக்கியிருப்பது அவர்தம் தொழில். தையற்காரர், தட்டார், கணக்கெழுதுவோர், வண்டி ஓட்டுவோர் ஆகிய ஏனையோருக்கும் கண்ணே முதற்கருவி. கை சோர்ந்தால் ஒரு நாள் ஓய்வெடுத்துக் கொள்ளலாம். கண் சோர்ந்தால் அன்றாட ஊதியமே சோர்ந்துவிடும். ஆதலின் பார்வையைத் திருத்திக் கொள்ளும் வழிகளையும், அவற்றுள் இளையோர் பெரிதும் விரும்பும் தொடுவில்லை என்னும் காண்டாக்ட் லென்ஸைப் பழுதின்றிக் கையாளும் முறையையும் இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்துப் பெண் இரவு நேர வேலையில் இருந்தாள். தோழியர் சிலருடன் வாடகை வீடொன்றில் வாழ்ந்து வந்தாள். வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பியதும், களைப்பு மிகுதியால் கண்ணில் உள்ள லென்ஸைக் கழற்றாமலே உறங்குவது அவளுக்குப் பழக்கமாயிற்று. ஒரு நாள் லென்ஸைக் கழுவும் மருந்துநீர் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக அலுப்புற்று, கிணற்று நீரை டப்பியில் ஊற்றி அதிலேயே லென்ஸை இட்டு வைத்தாள். தெளிந்த நீர், குடிப்பதற்கும் அதைத்தான் காய்ச்சிப் பயன்படுத்தினார்கள். அதனால் கண்ணுக்குத் தீங்கு வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

சில நாட்களில் வலக் கண் சிவந்தது. பின்னர் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாதபடி நோவு எடுத்தது. மருந்துக் கடை ஒன்றில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஐந்து நாள் இட்டுக் கொண்டாள். முதல் நாள் சிவப்புத் தணிந்தது போலத் தோன்றிற்று, நோவோ தணியவில்லை. செய்தி அறிந்து ஊரிலிருந்து தந்தையார் ஓடிவந்து கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது, கருவிழியில் புண் ஏற்பட்டிருப்பதும், அதற்குக் காரணம் நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் என்பதும் தெரியவந்தன. மணிக்கொரு முறை மருந்து, உறக்கமற்ற இரவுகள், பல மாதச் சிகிச்சை, இழந்த வேலை! கண் பிழைத்தது, ஆயினும் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. அப்பெண் இன்றும் அக்கண்ணால் புத்தகம் படிக்க இயலாது.

அவள் படித்தவள், தூய்மையை விரும்புபவள், பொறுப்பற்றவளும் அல்லள். அவளுக்கு ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே உண்மை. அந்தக் குறை நம் வாசகர்களுக்கு நேரக்கூடாது.

பார்வைக் குறைவு என்பது யாது?

நம் கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல அமைந்த பகுதி கருவிழி. அதன் நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். உள்ளே நுழையும் ஒளியை வளைத்துப் பின்னாலுள்ள விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இக்கருவிழியே செய்கின்றது. எஞ்சியதைக் கண்ணுக்குள்ளிருக்கும் இயற்கையான லென்ஸ் செய்கின்றது. வளர்ந்தவர் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அந்நீளம் சற்று மிகுந்தால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். அருகிலுள்ளவை தெரியும், தொலைவிலுள்ளவை மங்கும். இதுவே கிட்டப்பார்வை. நீளம் குறைந்தால் தூரப்பார்வை. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாய் இல்லாதிருந்தால் எழுத்துக்கள் சிதறித் தோன்றும். கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர்' என்று எழுதிக் கொடுப்பது இதற்காகவே. நாற்பது வயதைக் கடந்தபின் உள்ளிருக்கும் லென்ஸின் நெகிழ்ச்சி குறைந்து, செய்தித்தாளைக் கை நீளத்திற்குத் தள்ளிப் பிடிக்க வேண்டி வருவதை நம் முன்னோர் சாளேசுவரம் என்றும் வெள்ளெழுத்து என்றும் கூறினர்.

பவர் என்று நாம் சொல்வது டயாப்டர் என்னும் அளவு. மைனஸ் 2 என்றால், கண்ணாடியின்றி அரை மீட்டர் தூரம் வரையில்தான் தெளிவாகத் தெரியும் என்பது பொருள். மைனஸ் 4 என்றால் கால் மீட்டர். இது நோயன்று; கண்ணின் அமைப்பில் உள்ள ஓர் அளவு வேறுபாடே. ஆதலால் கண்ணாடி அணிவதில் வெட்கப்படத் தக்கது யாதும் இல்லை.

கண்ணாடியின் சிறப்பு

கண்ணைத் தொடாமலே பார்வையைத் திருத்துவது மூக்குக் கண்ணாடி. நோய்க் கிருமிக்கு அது இடம் தருவதில்லை. தூசியையும் சிறிது தடுக்கின்றது. வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். மலையாள மக்கள் இதனைக் 'கண்ணட' என்று அழகாகக் குறிப்பிடுகின்றனர்.

கண்ணாடி அணிந்தால் பவர் கூடிவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நிலவுகின்றது. இதனால் சில பெற்றோர் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே குறைந்த பவர் கேட்டு வாங்குகின்றனர். மலேசியாவில் 94 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், குறைந்த பவர் அணிந்தவர்களின் கிட்டப்பார்வையே விரைந்து வளர்ந்தது. வளரும் பிள்ளைக்குப் பவர் மாறுவது உடல் வளர்வதால்தானேயன்றிக் கண்ணாடியால் அன்று.

முதியோருக்கும் இது பொருந்தும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளருக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்துச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி பெறாதவரைக் காட்டிலும் பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் திறன் 20 சதவீதத்திற்கும் மேலாக உயர்ந்தது தெரிந்தது. தையலும் பூத்தொடுத்தலும் செய்யும் நம் தாய்மார் 'வயதாகிவிட்டது' என்று வேலையைக் கைவிடுமுன் ஒருமுறை கண்ணைச் சோதித்துக் கொள்வது நன்று.

தொடுவில்லை வந்த வரலாறு

கண்ணாடியைக் கண்மீதே அணியும் முயற்சி பழமையானது. 1888-இல் சூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் என்னும் வைத்தியர் கண்ணாடியாலான வில்லையைச் செய்து அணிந்து பார்த்தார். அது கண்ணின் வெண்பகுதி வரையில் மூடியது. சில மணி நேரத்திற்கு மேல் தாங்கவில்லை. 1948-இல் அமெரிக்கரான கெவின் டூஹி, கருவிழியை மட்டும் மூடும் பிளாஸ்டிக் வில்லையை அமைத்தார். மென்மையான லென்ஸின் கதை இன்னும் சுவையானது. 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில், செக்கோஸ்லோவாக்கிய விஞ்ஞானி ஒட்டோ விக்டர்லே தம் வீட்டில் இருந்தபடியே, சிறுவர் விளையாட்டுக்கான கட்டுமானச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து ஓர் இயந்திரம் செய்து, நீரை உறிஞ்சி மென்மையாகும் வில்லையை வார்த்தெடுத்தார். 1971-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தபின் அது உலகெங்கும் பரவிற்று.

இவ்வளவு மென்மையான பொருளால் எப்படித் தீங்கு வரும் என்று கேட்கலாம். உடலின் மற்றப் பகுதிகளுக்கு இரத்தம் பிராணவாயுவைக் கொண்டு செல்கின்றது. கருவிழியிலோ இரத்தக் குழாய் இல்லை. இருந்தால் அது கண்ணாடி போலத் தெளிவாய் இராது. அது கண்ணீரின் வழியே காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பெறுகின்றது. லென்ஸ் அதன்மேல் இட்ட மூடியாகும். விழித்திருக்கும்போது இமை கொட்டுவதால் கண்ணீர் மூடியின் அடியில் ஓடிக் கொண்டிருக்கும். உறங்கும்போது இமையும் மூடி, லென்ஸும் மூடி என இரட்டை மூடி ஆகிவிடுகின்றது. மூச்சுத் திணறும் கருவிழியின் மேற்றோல் நலிந்து, கிருமிக்கு வாயில் திறந்துவிடுகின்றது. லென்ஸோடு உறங்குபவருக்கு இந்நோய் வரும் வாய்ப்புப் பல மடங்கு மிகுதி என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

லென்ஸ் வாங்குமுன் கண்ணைச் சோதிப்பவரிடம் அதற்கெனத் தனிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். கண்ணாடிச் சீட்டு இதற்குப் போதாது. கருவிழியின் வளைவுக்கு ஏற்ற லென்ஸ் வளைவும், லென்ஸின் அகலமும் அதில் குறிக்கப்பட வேண்டும். பவரும் எப்போதும் ஒன்றாய் இராது. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்க, லென்ஸ் கண்ணைத் தொட்டு நிற்பதால், கண்ணாடியில் மைனஸ் 6 உள்ளவருக்கு லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.6 போதும்.

நாள்தோறும் புதிதாய் அணிந்து இரவில் எறிந்துவிடும் லென்ஸ் உண்டு; பதினைந்து நாள், ஒரு மாதம் பயன்படுத்துவனவும் உண்டு. கலியாணம், விழா என்று அவ்வப்போது அணிபவருக்கும், முதன்முறை பழகும் இளையோருக்கும் நாள் லென்ஸே சிலாக்கியம். அதற்கு டப்பியும் வேண்டாம், மருந்துநீரும் வேண்டாம். மாத லென்ஸின் விலையைக் கணக்கிடும்போது மருந்துநீரின் செலவையும் டப்பியின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மாத லென்ஸ் என்றால், பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம். முப்பது முறை அணிவது என்று பொருளன்று. சிலிண்டர் பவர் உள்ளவருக்கு அதற்கென அமைந்த லென்ஸ் உண்டு. கருவிழி கூம்பு போலப் பிதுங்கும் குறை உள்ளவருக்குக் கண்ணாடியால் பயன் இல்லாதபோது, காற்றுப் புகும் கடின லென்ஸ் நல்ல பார்வையைத் தரும்.

கண் மிக வறண்டவர்கள், அடிக்கடி இமைக்கட்டி வருபவர்கள், சிமெண்டும் மரத்தூளும் பறக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள், கையைக் கழுவும் பழக்கம் படியாத சிறுவர்கள் ஆகியோருக்குக் கண்ணாடியே ஏற்றது. குளிரூட்டிய அறையில் திரையை நோக்கியிருப்பவர்கள் இமை கொட்டுவதையே மறந்துவிடுகின்றனர். லென்ஸ் விரைவில் உலர்ந்து உறுத்தும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபது அடி தூரத்தை இருபது விநாடி நோக்கி, இமைகளை நன்கு மூடித் திறப்பது அவர்களுக்கு உதவும். எவ்வகை லென்ஸ் அணிபவரும் சரியான பவருள்ள கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்திருத்தல் இன்றியமையாதது. மாற்றுக் கண்ணாடி இல்லாதவர்தாம் கண் சிவந்த நாளிலும் லென்ஸை மாட்டிக் கொண்டு வேலைக்குப் புறப்படுகின்றனர்.

நிறமூட்டிய லென்ஸ்களைப் பற்றி ஒரு சொல். பவர் இல்லாத அழகு லென்ஸும் கருவிழியைத் தொடுவதே. அளவு பாராமல் வாங்குவதும், ஒருவர் அணிந்ததைப் படம் எடுப்பதற்காக மற்றொருவர் வாங்கி அணிவதும் தீமையை விலைகொடுத்து வாங்குவதாகும்.

நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவை

முதலில் சோப்பிட்டுக் கையைக் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வலக் கண், இடக் கண் என்னும் வரிசையை ஒருபோதும் மாற்றாதிருந்தால் லென்ஸும் மாறாது. விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் கிண்ணம் போலத் தோன்றுவது நேர்ப்புறம். விளிம்பு வெளியே மடிந்து தட்டுப்போல் விரிந்தால் அது மறுபுறம். கழற்றியபின் உள்ளங்கையில் வைத்து, மருந்துநீர் விட்டு விரலால் மெல்லத் தேய்த்து அலம்ப வேண்டும். தேய்க்காமல் ஊறவைப்பது, பாத்திரத்தைத் தேய்க்காமல் நீரில் போட்டுவைப்பது போன்றதே.

டப்பியில் நேற்றைய நீரை முழுதும் கொட்டிவிட்டுப் புதிய மருந்துநீரே விட வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்து நிரப்புதல் கூடாது. காலையில் டப்பியை மருந்துநீரால் அலம்பி, மூடியைத் திறந்து கவிழ்த்து உலர்த்த வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை டப்பியை மாற்றிவிட வேண்டும். உப்பு நீர் என்று விற்பது அலம்புவதற்கு மட்டுமே. அது கிருமியைக் கொல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த மருந்துநீரை அதற்குரிய டப்பியில் குறித்த நேரம் வைத்திருந்து அதன் காரம் அடங்கிய பின்னரே லென்ஸைக் கண்ணில் இடலாம். நேராக விட்டால் கண் எரிந்து புண்ணாகும்.

மருந்துநீரையே முழுதும் நம்பிவிடலாம் என்றும் எண்ணுதல் கூடாது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிந்தோர் பலருக்கு ஃபுசேரியம் என்னும் பூஞ்சணத்தால் கருவிழிப் புண் உண்டாயிற்று. ஆராய்ந்தபோது, அவர்களுள் மிகப் பலர் ஒரே வகை மருந்துநீரைப் பயன்படுத்தியது வெளிப்பட்டது. 2006 மே மாதத்தில் அம்மருந்துநீர் உலகெங்கும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்து எதுவாயினும், தேய்த்தலும் உலர்த்தலும் மாற்றுதலும் ஆகிய நம் கடமைகள் குறைவதில்லை.

நம் வீட்டுப் பழக்கங்களும் லென்ஸும்

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. கிணற்று நீர், குழாய் நீர், குளத்து நீர், கடல் நீர் ஆகிய எதுவும் லென்ஸைத் தொடலாகாது. முற்கூறிய அகாந்தமீபா மண்ணிலும் நீரிலும் எங்கும் வாழ்வது. தன்னைச் சுற்றி உறையொன்றை அமைத்துக் கொண்டு குளோரினையும் தாங்கிக் கிடப்பது. அது வயிற்றில் சென்றால் பொதுவாகத் தீங்கில்லை. லென்ஸில் ஒட்டிக் கருவிழியை அடைந்தால் பெருந்தீங்கு. ஆகவே குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸ் கண்ணில் இருத்தல் கூடாது. எச்சிலால் நனைத்து அணிவது அதனினும் இழிந்தது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நம்மவர் மலையாள நாட்டிலும் விடவில்லை, நல்லதே. ஆயினும் எண்ணெயும் சிகைக்காயும் லென்ஸில் படிந்தால் போகா. குளித்து முடித்துக் கண் தெளிந்த பிறகே அணிய வேண்டும். மிளகாய் அரிந்த கையை எத்தனை முறை கழுவினாலும் அதன் காரம் விரலில் தங்கியிருப்பதைத் தாய்மார் அறிவர். சமையலுக்கு முன்பே லென்ஸை அணிவதும், இரவில் மிளகாய் தொடாத கையால் கழற்றுவதும் நலம். கண்ணுக்கு மை தீட்டுபவர்கள் முதலில் லென்ஸை அணிந்து பின்னரே மையிட வேண்டும். கலைக்குமுன் லென்ஸைக் கழற்ற வேண்டும்.

ஆற்றுக்கால் பொங்காலை நாளில் திருவனந்தபுரத்து வீதியெங்கும் அடுப்பு மூட்டி நிற்கும் இலட்சக்கணக்கான பெண்களுள் நம் தாய்மாரும் உண்டு. அன்று எழும் புகையில் வெறுங்கண்ணே கலங்கும். அந்நாளில் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியோடு செல்வதே அறிவுடைமை.

அபாய அறிகுறிகள்

கண் சிவத்தல், நோவு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல், பீளை சேர்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் லென்ஸை உடனே கழற்றிவிட வேண்டும். அதனை எறிந்துவிடாமல் டப்பியோடு வைத்தியரிடம் எடுத்துச் செல்வது நல்லது. கிருமி எதுவென்று அறிய அது உதவும். லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் சென்று மறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டா. இமையையும் கண்ணையும் இணைக்கும் சவ்வு அதற்கு வழி விடாது. லென்ஸ் ஒட்டிக் கொண்டால் அதற்குரிய சொட்டு நீரை விட்டு, இமை கொட்டிச் சற்றுப் பொறுத்திருந்தால் நகர்ந்துவிடும்.

மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தே பல கண்களைக் கெடுத்தது. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைத் தணித்துக் குணமானது போலக் காட்டும். உள்ளேயோ பூஞ்சணம் செழித்து வளரும். பூஞ்சணத்தால் வரும் கருவிழிப் புண் நம் தென்னாட்டில் மிகுதி. மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடத்தி 2013-இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, இதற்கு நேட்டமைசின் என்னும் பழைய மருந்தே புதிய வோரிகொனசோலைக் காட்டிலும் மேலானது என்று நிறுவிற்று. புண்ணுக்குக் காரணம் பாக்டீரியாவா, பூஞ்சணமா, அமீபாவா என்பதைப் பொறுத்தே மருந்து வேறுபடும். அதனைச் சுரண்டி எடுத்துச் சோதிக்காமல் எவராலும் உறுதியாகக் கூற முடியாது. தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும் கைவிடத் தக்க பழக்கமே.

ஒரே விலக்கு: சுண்ணாம்போ, அமிலமோ, வேறு காரப் பொருளோ கண்ணில் தெறித்தால், கையில் கிடைத்த தூய நீரால் அக்கணமே நெடுநேரம் கழுவ வேண்டும், பின்னர் வைத்தியரிடம் ஓட வேண்டும்.

புதிதாய் வந்தவர்களுக்கு மொழியும் ஓர் இடர். நாம் 'வலி' என்று சொல்லும் சொல் மலையாளத்தில் இழுத்தலைக் குறிக்கும். உடல் நோவுக்கு அவர்கள் சொல்வது 'வேதன'. நாம் 'மெட்ராஸ் ஐ' என்பது அவர்களுக்குச் 'செங்கண்ணு'. பார்வை என்பது 'காழ்ச்ச'. 'கண்ணு வேதனிக்குன்னு, காழ்ச்ச மங்ஙுன்னு, லென்ஸ் வெச்சிருந்நு' என்று இம்மூன்றையும் சொல்லிவிட்டால் வைத்தியருக்கு வேண்டிய முதற்செய்தி கிடைத்துவிடும். லென்ஸ் அணிபவர் என்பதைச் சொல்ல மறத்தல் கூடாது. திருவனந்தபுரம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அருகில் அரசாங்கக் கண்ணாஸ்பத்திரி உள்ளது. ஊருக்குச் சென்றிருக்கும் சமயத்தில் நேர்ந்தால், திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் மருத்துவமனை இயங்கி வருகின்றது. ஆனால் ஊருக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று நாளைக் கடத்துதல் ஆகாது. கருவிழிப் புண்ணுக்கு ஒரு நாள் என்பது நெடுங்காலம்.

லேசர் சிகிச்சை

கண்ணாடியும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம் என்பார் லேசர் சிகிச்சையை நாடுகின்றனர். இதன் தோற்றத்தில் நம்மவர் ஒருவருக்குப் பங்குண்டு என்பது பெருமைக்குரியது. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டொன்றைக் கொண்டுவந்து அதன்மேல் எக்சைமர் லேசர் கதிரைச் செலுத்தினார். சுற்றுப்புறத்தைச் சுடாமல் கதிர் பட்ட இடம் மட்டும் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்னும் தோழருடன் அவர் கண்ட இவ்வுண்மையே, கருவிழியைச் செதுக்கிப் பார்வையைத் திருத்தும் முறைக்கு அடிப்படையாயிற்று. 2013-இல் அம்மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

எனினும் லேசிக் முதலிய இச்சிகிச்சைகள் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. பதினெட்டு வயது நிறைந்து, குறைந்தது ஓராண்டேனும் பவர் மாறாதிருக்க வேண்டும். கருவிழி போதிய தடிப்புடன் இருக்க வேண்டும். கூம்புக் கருவிழி உள்ளவருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் செய்தலாகாது. வறண்ட கண் மேலும் வறளக்கூடும். அளவெடுப்பதற்குச் சில நாள் முன்பே, கடின லென்ஸாயின் சில வாரம் முன்பே, வைத்தியர் சொன்னபடி லென்ஸை நிறுத்த வேண்டும். நாற்பதுக்குப் பின் வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. மிகுந்த கிட்டப்பார்வை உள்ளவரின் விழித்திரை மெலிந்தே இருக்கும். லேசர் அதனை மாற்றுவதில்லை. மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் திடீரென மிதப்பது போலவோ, திரை விழுவது போலவோ தோன்றினால் அவர்கள் அன்றே வைத்தியரைக் காண வேண்டும். கலியாணப் பேச்சுக்கு முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்னும் ஒரே காரணத்திற்காக, ஆராயாமல் பெண்பிள்ளைகளைச் சிகிச்சைக்கு அவசரப்படுத்துவது முறையன்று.

பிள்ளைகளின் பொருட்டு

பள்ளியில் சேர்க்குமுன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பிள்ளைகளின் கண்ணைச் சோதிப்பது பெற்றோர் கடமை. ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. மூளை அக்கண்ணைப் பயன்படுத்தாமலே விட்டுவிடும். காலம் கடந்தபின் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதும் திரும்பாது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்புக் குறைவு என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அடுக்கு வீட்டு அறைக்குள் கைப்பேசியுடன் அடைபட்டிருக்கும் குழந்தையை மாலையில் வெளியே அழைத்துச் செல்வதற்குப் பணம் வேண்டியதில்லை. பெற்றோரின் சிறிது நேரமே வேண்டும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது நம் பழமொழி. முன்னர்க் கூறிய அப்பெண் இப்போது மறு கண்ணின் துணையால் வேறோர் அலுவலகத்தில் வேலை செய்கின்றாள், கண்ணாடியே அணிகின்றாள். தன் தோழியர் எவரேனும் லென்ஸ் அணிந்திருப்பதைக் கண்டால், 'டப்பியை எதால் கழுவுகிறாய்?' என்பதே அவள் கேட்கும் முதற் கேள்வி. இக்கட்டுரையைப் படித்து முடித்த அன்பர்களும் தம் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றிரவே அக்கேள்வியைக் கேட்பார்களாக.